பெருவிரலுக்கும் ஒரு வோர்ம் அப் வேண்டும்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஜிம்முக்குப் போகும் தம்பிமாரும், அவர்களைப் போகவிட்டுவிட்டு வீட்டில் பயந்துகொண்டிருக்கும் வாப்பா உம்மாமாரும் கடைசி வரை வாசித்துவிடுங்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் மாணவர் ஒருவர் வலக்கைப் பெருவிரலில் கட்டோடு வகுப்புக்கு வந்தார். பேனையை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதிப் பார்க்கிறார். எழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. "என்ன மகன் நடந்த?" என்று கேட்டோம். "ஒண்டுமில்ல சேர், சும்மா ஒருக்கா தூக்கிப் பாத்தன், வழுக்கிட்டு" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மிச்சத்தை அவருடைய கூட்டாளிமார் சொன்னார்கள்.

ஃபோனில் ஒரு சவால் வீடியோ சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு இரும்புத் தட்டுகளை வழவழப்பான பக்கம் வெளியே இருக்கும்படி ஒட்டி வைத்து, பெருவிரலாலும் மற்ற நான்கு விரல்களாலும் நுள்ளிப் பிடித்து, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பிஞ்ச் கிரிப் என்பார்கள். நம்மாள் இஷாவுக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கையைக் கூட உதறாமல், நேராகப் போய் இரண்டு பத்துக் கிலோத் தட்டுகளைத் தூக்கியிருக்கிறார். மூன்றாவது எட்டில் தட்டு வழுக்கியது. விட்டிருந்தால் தட்டோடு போயிருக்கும். வீடியோ ஓடிக்கொண்டிருந்ததால் விட மனமில்லை. பெருவிரலை வளைத்துப் பிடிக்கப் பார்த்தார். அடி மூட்டு வெளிப்பக்கமாகத் திருகிவிட்டது. காலில் பாத்ரூம் செருப்பு. பெருவிரலோடு போனதே, கால் விரலும் சேர்ந்து போகவில்லையே, அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா அன்று மாலையே பாடசாலைக்கு வந்துவிட்டார். "இனி இவன் அந்த ஜிம் பக்கம் காலடி வெச்சா நான் வாப்பா இல்ல, சேர்" என்றார். ஊர் வட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு நாள் இதே கதைதான். ஜிம்மை இழுத்து மூட வேண்டும் என்று ஒருவர். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் விடக்கூடாது என்று இன்னொருவர். உடம்பைக் காட்டித் திரியும் கலாசாரம் என்று மூன்றாமவர்.

அந்த வாப்பாவின் கோபம் எங்களுக்கு விளங்குகிறது. பிள்ளை பதினொரு வருடம் படித்ததை எழுதிக் காட்ட வேண்டிய கை அது. ஆனால் மூடிவிடுவது என்ற முடிவோடு நாங்கள் உடன்பட மாட்டோம். இஷாவுக்குப் பிறகு எமதூர்ப் பிள்ளைகள் போகக்கூடிய இடங்கள் என்னென்ன என்பது எல்லோருக்கும் தெரியும். ஐஸ் என்றும் குளிசை என்றும் நாம் மெதுவான குரலில் கதைக்கும் விஷயம் எந்தெந்தச் சந்தியில் நிற்கிறது என்பதும் தெரியும். வேர்த்து விறுவிறுத்து, பசியோடு வீட்டுக்கு வந்து, சோற்றைத் தின்றுவிட்டுப் படுக்கிற பிள்ளையைச் சந்திக்கு அனுப்பிவிடாதீர்கள்.

எங்கள் கருத்து இதுதான்: பாரம் தூக்கியது அந்தத் தம்பியின் பிழையில்லை. குளிர்ந்த கையோடு, படிப்படியாக வராமல், ஒரே தாவலில் தூக்கியதுதான் பிழை. அதைச் சொல்லிக்கொடுக்காத பிழையில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறோம். ஆறாம் தரத்திலிருந்து சுகாதாரமும் உடற்கல்வியும் என்று ஒரு பாடம் இருக்கிறது. உடலைச் சூடாக்கும் பயிற்சி அந்தப் பாடத்துக்குரிய விஷயம். ஆனால் பரீட்சை நெருங்கினால் அந்தப் பாடவேளையை யார் கேட்டு வாங்குகிறோம்? கணிதம் முடியவில்லை, விஞ்ஞானம் முடியவில்லை என்று நாங்கள்தான். உடற்கல்வி ஆசிரியரும் பெருந்தன்மையாகத் தந்துவிடுவார். பிறகு ஜனவரி, பெப்ரவரியில் இல்ல விளையாட்டுப் போட்டி வந்ததும், காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளையை நேராக நூறு மீற்றர் கோட்டில் நிறுத்தி விசில் ஊதுவோம். கயிறிழுத்தலுக்கும் அப்படித்தான். "வாங்க, வாங்க, பிடிங்க!" இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை ஜிம்மில் மட்டும் கையைச் சூடாக்கிவிட்டுத் தட்டைத் தொடுவான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

சரி, பெருவிரல் விஷயத்துக்கு வருவோம்.

அந்தத் தம்பி தரையிலிருந்து எண்பது கிலோப் பாரத்தை இரண்டு கையாலும் தூக்கக்கூடியவர். அவருக்கு இருபது கிலோ சின்ன விஷயமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் கம்பியைப் பிடிக்கும்போது வேலையின் பெரும்பகுதியைச் செய்வது மடிந்த நான்கு விரல்கள். பெருவிரல் மேலால் வந்து பூட்டுப் போடுகிறது, அவ்வளவுதான். புல் அப்பிலும் அப்படித்தான். பலர் மணிக்கட்டில் பட்டி வேறு கட்டிக்கொள்கிறார்கள், பிடிக்கும் வேலையும் பாதி மிச்சம். இப்படி ஒரு வருடம் பயிற்சி செய்தால் முதுகு வளரும், தோள் வளரும், பெருவிரல் மட்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். நுள்ளிப் பிடிக்கும்போது நிலைமை வேறு. மடித்துக் கொளுவ விளிம்பு இல்லை. ஒரு பக்கம் நான்கு விரல், மறு பக்கம் பெருவிரல் தனியாள். அந்தத் தனியாள் எவ்வளவு அமுக்குகிறதோ அவ்வளவுதான் தட்டு நிற்கும்.

இன்னொரு விஷயம். விரலுக்குள்ளே தசை இல்லை. விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நாண்கள் மணிக்கட்டைக் கடந்து, சின்ன உறைகளுக்குள்ளால் ஓடி விரல் நுனிக்குப் போகின்றன. பெருவிரலை உள்ளே அமுக்கும் தசைகள் பல உள்ளங்கையிலேயே, பெருவிரலின் அடியில் மேடாகத் தெரியும் இடத்தில் இருக்கின்றன. சின்னத் தசைகள். நம்மூரில் "நரம்பு இழுத்திட்டு" என்கிறோமே, அநேகமாக அது நரம்பு இல்லை, இந்தத் தசைநாண்தான், அல்லது மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார். தசை சில வாரங்களில் பலம் கூடும். நாணும் நாரும் அப்படியில்லை, அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு, மாதக்கணக்கில்தான் பழகும். பதினாறு வயதில் தசை "தூக்கு" என்று சொல்லும். மூட்டு இன்னும் தயாராகியிருக்காது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். அந்தத் தம்பியின் வாப்பாவே கேட்டார். அவர் மேசன். "நாங்க எந்த வோர்ம் அப் செஞ்சு கல்லுத் தூக்கினம் சேர்?"

நல்ல கேள்வி. நாலு அங்குல சீமெந்துக் கல்லை ஒற்றைக் கையால் மேலிருந்து நுள்ளிப் பிடித்துத் தூக்கி வரிசையில் வைப்பார்கள் நம்மூர் மேசன்மார். ஜிம்மில் அதைத்தான் பிஞ்ச் கிரிப் என்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். அவரிடம் திருப்பிக் கேட்டோம்: காலையில் வேலைக்குப் போனதும் முதல் வேலை என்ன? தண்ணீர் அள்ளுவது, மணல் அரிப்பது, கலவை குழைப்பது. கல்லைத் தொடுவதற்கு முன்னால் எப்படியும் அரை மணித்தியாலம் கை வேலை செய்துவிடுகிறது. எத்தனை வயதில் கல் பிடித்தீர்கள்? பதினைந்து வயதில் கையாளாகப் போய், இரண்டு வருடம் கலவைத் தாச்சி சுமந்த பிறகு. வோர்ம் அப்பும் படிப்படியான பயிற்சியும் அவருடைய தொழிலுக்குள்ளேயே இருந்திருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. பிறகு அவரே தன் பெருவிரலின் அடி மூட்டைக் காட்டினார். வீங்கிப் புடைத்திருக்கிறது. காலையில் ஷேர்ட் பொத்தான் போடக் கஷ்டமாம். அதைப் பார்த்த பிறகு எங்களுக்கும் வாதம் செய்ய மனம் வரவில்லை.

பன் பாய் பின்னிய நம் மூத்தம்மாமாரையும் யோசித்துப் பாருங்கள். நாளெல்லாம் பன்னை நுள்ளி இழுத்து இறுக்கிய விரல்கள் அவை. மருதமுனைத் தறிகளில் அறுந்த நூலை முடிச்சுப் போட்ட விரல்களும் அப்படித்தான். அந்தப் பலம் நமக்குத் தொழிலோடு வந்தது. தொழில் போனது, பலமும் போய்விட்டது. இப்போது பெருவிரலுக்கு மிச்சமிருக்கும் வேலை திரையைத் தேய்ப்பது.

எங்கள் கூட்டத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியர் இருக்கிறார். அவரோடு இருந்து, எங்கள் கைகளிலேயே செய்து பார்த்துத்தான் இதை எழுதுகிறோம். (தமிழ்ப் பாட ஆசிரியர் ஒருவரால் முதல் நாள் இரண்டு இரண்டரைக் கிலோத் தட்டுகளைப் பத்து வினாடி பிடிக்க முடியவில்லை. யார் என்று கேட்காதீர்கள்.)

முதலில் முழு உடம்பும் சூடாக வேண்டும். ஐந்து நிமிடம் வேகமாக நடக்கலாம், கயிறு பாயலாம். லேசாக வேர்க்கும் வரை. கை மட்டும் தனியாகச் சூடாகாது, இரத்தம் மற்ற உடம்பிலிருந்துதான் வர வேண்டும். பிறகு மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள். விரல்களை நன்றாக விரித்து, பொத்தி, விரித்து, பொத்தி, முப்பது தடவை. பெருவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்புங்கள், சுபஹானல்லாஹ் எண்ணும் அதே அசைவுதான். கடைசியாக ஒரு றப்பர் பேண்டை ஐந்து விரலையும் சுற்றிப் போட்டு, விரித்து விரித்து விடுங்கள், இருபது தடவை. பெருவிரலைப் பிடித்துப் பின்னால் இழுத்து நீண்ட நேரம் வைத்திருப்பது வேண்டாம். பாரம் தூக்குவதற்கு முன் நீண்ட நேரம் இழுத்துப் பிடித்தால் பலம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த இழுவையைப் பயிற்சி முடிந்த பிறகு, மெதுவாகச் செய்யலாம். ஏ.சி. போட்ட ஜிம் என்றாலோ, சுபஹுக்குப் பிறகு போகிறீர்கள் என்றாலோ, கைகளை ஒன்றோடொன்று உரசிச் சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

அதன் பிறகும் நேராகப் பெரிய தட்டுக்குப் போகக்கூடாது. இன்று இரண்டு ஐந்து கிலோத் தட்டு பிடிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் இரண்டு ஒன்றேகால் கிலோத் தட்டு. பிறகு இரண்டு இரண்டரைக் கிலோ. ஒவ்வொன்றையும் ஐந்தாறு வினாடி பிடித்து இறக்கி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். இதுவும் வோர்ம் அப்தான். நம் பிள்ளைகள் விடும் இடம் இதுதான். கையை இரண்டு உதறு உதறிவிட்டு "வோர்ம் அப் முடிஞ்சிது" என்பார்கள்.

பலத்தைக் கூட்டும் விஷயத்தில் பொறுமைதான் கஷ்டம். கிழமைக்கு இரண்டு நாள் போதும், இடையில் இரண்டு நாளாவது ஓய்வு. பிடித்து நிற்கும் நேரம் பத்து முதல் பதினைந்து வினாடி, கைக்கு மூன்று நான்கு முறை. இருபது வினாடி ஆடாமல் பிடிக்க முடிந்த பிறகுதான் பாரம் கூட்ட வேண்டும். அதுவும் இருக்கும் சின்னத் தட்டால், ஒரு நேரத்தில் ஒன்றுதான். ஒரு மாதம் அதே தட்டில் நிற்க வேண்டி வந்தால் நில்லுங்கள். இந்தப் பயிற்சி அன்றைய நாளின் கடைசியில் வர வேண்டும். முதலிலேயே பிடியைக் களைக்க வைத்துவிட்டு, பிறகு நெஞ்சுக்கு மேலே கம்பியைப் பிடிப்பது ஆபத்து. தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தினால் போதும், நடக்கத் தேவையில்லை. கால் தட்டுக்கு நேர் கீழே இருக்கக்கூடாது. சப்பாத்து கட்டாயம். வழுக்கினால் விட்டுவிடுங்கள். தட்டு இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகாது.

ஜிம்முக்குப் போக வசதியில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். தடித்த புத்தகம் ஒன்றை முதுகுப் பக்கம் பிடிக்காமல் திறக்கும் பக்கமாக நுள்ளிப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு பலகைத் துண்டில் கயிறு கட்டி, அதில் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிட்டு, பலகையை நுள்ளிப் பிடியுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடச் சரியான நிறை எந்தக் கடையிலும் கிடைக்காது.

இந்த இடத்தில் ஒரு முறைப்பாடு. மூன்று மாதமாகப் பத்தாம், பதினோராம் வகுப்புகளில் வெண்கட்டி காணாமல் போகிறது. இப்போதுதான் விளங்குகிறது. தம்பிமாரே, பாரம் தூக்குபவர்கள் கையில் பூசுவது மக்னீசியம் காபனேற்று. அது வேர்வையை உறிஞ்சிப் பிடியைத் தரும். கரும்பலகை வெண்கட்டி வேறு பொருள், அதைப் பொடியாக்கிப் பூசினால் கை வழுக்கவும் கூடும். ஒரு துவாயால் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். வெண்கட்டிப் பெட்டியைத் திருப்பி வையுங்கள்.

வலி வந்தால் என்ன செய்வது? அடுத்த நாள் உள்ளங்கை மேட்டில் மந்தமான வலி இருந்தால் அது வேலை செய்த வலி, ஓய்வில் போய்விடும். மூட்டில் குத்துகிற வலி, வீக்கம், "டக்" என்று ஒரு சத்தம், அல்லது பெருவிரல் பக்க மணிக்கட்டில் எதையாவது தூக்கும்போது சுரீர் என்பது, இவை வேறு. அன்றோடு நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு இழுத்துவிட வேண்டாம். முறிவு நெரிவு வைத்தியர்கள் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் கிழிந்த நாரை இழுத்தால் இன்னும் கிழியும். அந்தத் தம்பிக்கும் வீட்டில் முதலில் இழுத்துத்தான் விட்டிருக்கிறார்கள். அடுத்த நாள் காலையில் வீக்கம் இரண்டு மடங்காக இருந்ததாம். அந்த மணிக்கட்டு வலி கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் உம்மாமாருக்கும் வரும். டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் சத்திர சிகிச்சை நிபுணர் 1895இலேயே அதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். "புள்ளைய தூக்கினா கை வலிக்காதா" என்று அவர்களைச் சமாளித்து அனுப்பிவிடாதீர்கள்.

கைப்பிடியின் பலம் ஜிம் பிள்ளைகளின் விளையாட்டு மட்டும் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரின் கைப்பிடியை அளந்து, அவர்களைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பிடியின் பலம் ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும் மரண அபாயம் 16 வீதம் கூடியிருந்தது. பிடியைக் கூட்டினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை, ஆயுள் அல்லாஹ்வின் கையில். உடம்பின் நிலைமையைக் கை காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் விஷயம். வோர்ம் அப்புக்கும் ஆதாரம் கேட்பவர்களுக்கு: பீஃபா உருவாக்கிய இருபது நிமிட வோர்ம் அப் ஒன்று இருக்கிறது. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான உதைபந்தாட்டப் பெண் பிள்ளைகளிடம் அதைப் பரீட்சித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அது கால்களுக்கான பயிற்சி, பெருவிரலுக்கானதில்லை. ஆனால் இருபது நிமிடத்தை வீண் என்று நினைக்கும் நமக்கு அது போதுமான பதில்.

ஜிம் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். பலமான முஃமின் பற்றிய ஹதீஸைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள், மாஷா அல்லாஹ். அதற்குக் கீழே வோர்ம் அப் படிமுறையையும் ஒரு தாளில் ஒட்டிவிடுங்கள். பாடசாலைப் பிள்ளை வந்தால் முதல் இரண்டு கிழமை ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். செருப்போடு வந்தால் திருப்பி அனுப்புங்கள். சவால் வீடியோ எடுக்க வேண்டுமென்றால் தட்டில்லாமல் எடுக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்திருப்பது: அடுத்த தவணையிலிருந்து உடற்கல்விப் பாடவேளையை யாரும் கேட்டு வாங்குவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடித்திருக்கிறோம். கணித ஆசிரியர் கொஞ்சம் முறைத்தார், பிறகு சரி என்றார்.

அந்தத் தம்பி பரீட்சையை எழுதினார். ஒவ்வொரு நாளும் முதல் ஒரு மணித்தியாலம் ஓரளவு, பிறகு வலி, பிறகு இடையிடையே பேனையை வைத்துவிட்டுக் கையை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வரலாற்றுப் பாடத்தில் கடைசி வினாவைத் தொடவே முடியவில்லை. பெறுபேறு இன்னும் வரவில்லை, துஆச் செய்யுங்கள். மூட்டு ஓரளவு ஆறியிருக்கிறது. வைத்தியர் அனுமதித்த பிறகு போன கிழமை எங்களோடு மைதானத்துக்கு வந்தார். இரண்டு ஒன்றேகால் கிலோத் தட்டுதான். பத்து வினாடி பிடித்தார். வாப்பா மதிலுக்கு வெளியே சைக்கிளில் காலை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

திங்களும் வியாழனும் அஸருக்குப் பிறகு, மஃரிபுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும் வரை, பாடசாலை மைதானத்தின் மேற்குப் பக்க வேம்பு மரத்தடியில் நாங்கள் இருப்போம். கட்டணம் இல்லை. சப்பாத்து, ஒரு துவாய், ஒரு றப்பர் பேண்ட் கொண்டு வாருங்கள். வாப்பாமாரும் உள்ளே வரலாம். உம்மாமாருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் வேறு நேரத்தில் நடத்தச் சம்மதித்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார், விருப்பமுள்ளவர்கள் பாடசாலையில் பெயர் கொடுங்கள்.